நாய்க்குச் சிறுநீர்ப் பரிசோதனை: வீட்டிலேயே மாதிரி எடுப்பது எப்படி?

சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி வட்டாரத் தோட்டங்களில் நாய் இல்லாத வீடு குறைவு. கட்டுத்தறிக்கு, ஆட்டுப் பட்டிக்கு, கோழிப் பண்ணைக்கு, லாரி நிறுத்தும் இடத்துக்கு என எல்லாவற்றுக்கும் காவல் நாய்தான். மாட்டுக்கு மடிநோய் வந்தால், பீய்ச்சும் பாலைப் பார்த்தே கண்டுபிடித்து விடுகிறோம். ஆனால், நாய்க்குச் சிறுநீரகத்தில் கோளாறு வந்தால், அது உண்ணாமல் படுத்து, வாயில் நாற்றம் எடுத்து, வாந்தி எடுக்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அந்த நிலையில் சிகிச்சை கடினம்.

சிறுநீரகங்களின் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுதாகும்போது, சிறுநீரை அடர்த்தியாக்கும் தன்மை குறையத் தொடங்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்வதற்கு, நான்கில் மூன்று பங்கு பழுதாக வேண்டும். அதாவது, இரத்தப் பரிசோதனையில் தெரிவதற்கு முன்பே சிறுநீரில் தெரிந்து விடும். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள், “நாளைக் காலையில் சிறுநீர் பிடித்துக் கொண்டு வாருங்கள்” என்று சொல்கிறார்கள். நாயிடம் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பலர் வெறுங்கையோடு போகிறார்கள். முறையாகத் தயார் செய்தால், இது ஐந்து நிமிட வேலைதான்.

எப்போது பரிசோதனை தேவை?

கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கொள்வது நல்லது.

வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டுதல், கழிக்கும்போது முனகுதல், பழகிய நாய் வீட்டுக்குள் அல்லது படுத்த இடத்தில் நனைத்தல், சிறுநீரில் இரத்தம், சீழ், துர்நாற்றம், சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தல், காரணம் இல்லாமல் மெலிதல். எறும்பு மொய்ப்பது சர்க்கரை நோயாக இருக்கலாம். ஆனால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஏழு வயதைத் தாண்டிய நாய்க்கு, நோய் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்வது நல்லது.

சிறுநீரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். இளம் மஞ்சள் இயல்பானது. தண்ணீரைப் போல நிறமே இல்லாமல் தொடர்ந்து போனால், சிறுநீரக நோய், சர்க்கரை நோய், பெண் நாயாக இருந்தால் கருப்பையில் சீழ் கட்டுதல் போன்றவை காரணமாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, சினைப்பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் இந்தச் சீழ் நோய் வருவதுண்டு. காப்பித் தூள் நிறத்தில் போனால், உண்ணிகள் மூலம் பரவும் பபீசியா நோயாக இருக்கலாம். வெங்காயத்தை அதிகமாகத் தின்றாலும் இரத்த அணுக்கள் சிதைந்து இப்படிப் போகும். அடர் மஞ்சளாகவும், கண்ணும் ஈறும் மஞ்சளாகவும் இருந்தால் மஞ்சள் காமாலை. எலிக்காய்ச்சலும் இதற்குக் காரணமாகலாம். தோட்டத்தில் எலிமருந்து வைத்திருந்து, நாயின் சிறுநீரில் இரத்தம் வந்தால், அதை முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் உறையையும் கையோடு கொண்டு போங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலை

நாய் திரும்பத் திரும்பக் காலைத் தூக்கி முக்குகிறது. ஆனால், ஒரு சொட்டும் வரவில்லை அல்லது இரண்டு சொட்டு மட்டுமே வருகிறது என்றால், மாதிரி பிடிப்பதற்காகக் காலை வரை காத்திருக்கக் கூடாது. இது அவசர நிலை.

ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்ப்பையில் இருந்து இறங்கி வரும் கல், இந்த எலும்புக்குப் பின்னால் சிக்கிக் கொள்ளும். சிறுநீர் அடைபட்டு விட்டால், பொட்டாசியம் உப்பு இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்தி விடும். ஒன்றிரண்டு நாட்களில் உயிர் போய் விடலாம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் கொண்டிருப்பவர்கள் உண்டு. பின்னால் இருந்து பார்த்தால் இரண்டு முக்கலும் ஒன்று போலவே தெரியும். ஆகவே, முக்கும் நாய் கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். நினைவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயலக் கூடாது. சிறுநீர்ப்பை கிழிந்து விடும்.

நான்கு நாட்களுக்கு முன்பே பழக்குதல்

அவசரம் இல்லாத பரிசோதனை என்றால், நாயை முன்கூட்டியே பழக்கலாம். தோட்டத்து நாய்களில் பெரும்பாலானவை இரவில் அவிழ்த்து விடப்படும், அல்லது காலையில் அவிழ்த்ததும் ஓடி விடும். முதல் சிறுநீரைத் தென்னை மரத்திலோ, லாரி டயரிலோ விட்டு விட்டுத்தான் திரும்பி வரும். நமக்கு வேண்டியது அந்த முதல் சிறுநீர்தான்.

முதலாவதாக, கயிற்றுக்குப் பழக்க வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில், கயிற்றைப் பிடித்தபடி, அது வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். இடத்தை மாற்றினால் அடக்கிக் கொள்ளும்.

இரண்டாவதாக, கரண்டிக்குப் பழக்க வேண்டும். மாதிரி பிடிக்கப் போகும் கரண்டியை முதல் நாள் நாய் முகர்ந்து பார்க்கட்டும். அடுத்த நாள், அது சிறுநீர் கழிக்கும்போது கரண்டியுடன் இரண்டடி தள்ளி நில்லுங்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் கொண்டு போங்கள். நான்காம் நாள் உடலைத் தொடாமல் கீழே நீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கழித்து முடித்ததும், தட்டிக் கொடுத்து ஒரு துண்டு கறியோ, பிஸ்கட்டோ கொடுங்கள். கழிக்கும்போது கொடுத்தால் பாதியில் நிறுத்தி விடும்.

மூன்றாவதாக, சோறு வைப்பவர் யாரோ அவரே மாதிரியையும் பிடிக்க வேண்டும். புதிய ஆள் வந்தால் நாய் மிரளும்.

தேவையான பொருள்கள்

மருந்துக் கடையில் கிடைக்கும், மூடி போட்ட கிருமி நீக்கிய சிறுநீர் டப்பா ஒன்று. நீளமான காம்புள்ள எவர்சில்வர் குழிக் கரண்டி ஒன்று. காம்பு குட்டையாக இருந்தால், இரண்டடிக் குச்சியில் கட்டிக் கொள்ளலாம். குட்டையான பெண் நாய்க்கு, விளிம்பு உள்ள தட்டையான தட்டு. ரப்பர் கையுறை. பேனா, ஒட்டும் தாள்.

கரண்டியையும் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசி, பத்து நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, தானாகவே உலர விட வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. இந்தக் கரண்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

ஊறுகாய் பாட்டில், தேன் பாட்டில், சத்துமாவு டப்பா ஆகியவற்றில் சிறுநீர் பிடிக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் இனிப்பு, சர்க்கரை நோய் இருப்பதாகக் காட்டி விடும். பிளீச்சிங் பவுடர் பட்ட பாத்திரம், இல்லாத இரத்தத்தையும் சர்க்கரையையும் இருப்பதாகக் காட்டும்.

முதல் நாள் இரவு

இரவுச் சோறு வழக்கம் போலக் கொடுக்கலாம். தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. சிறுநீர் அடர்த்தியாக வேண்டும் என்று தண்ணீரை மறைத்து வைப்பது, ஏற்கெனவே சிறுநீரகம் கெட்ட நாய்க்குப் பெரும் ஆபத்து. சீக்கிரம் கழிக்கட்டும் என்று நிறையத் தண்ணீரைப் புகட்டுவதும் தவறு. சிறுநீர் நீர்த்துப் போய் முடிவு மாறி விடும்.

படுக்கப் போகும் முன் ஒருமுறை வெளியே விட்டு விட்டு, பிறகு கட்டிப் போடுங்கள். காலையில் நீங்கள் அவிழ்க்கும் வரை, வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பால் கறக்க எழும் ஆள் அவிழ்த்து விட்டால், அன்றைய மாதிரி போய் விடும்.

முடி அடர்ந்த நாய்க்கு, சிறுநீர் வரும் இடத்தைச் சுற்றியுள்ள முடியை முந்தைய நாளே கத்தரித்து விடுங்கள். காலையில் அழுக்கு இருந்தால், சுத்தமான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தினால் போதும். டெட்டால் போன்ற கிருமிநாசினி வேண்டாம்.

காலையில் பிடிக்கும் முறை

கையுறையை மாட்டிக் கொண்டு, கரண்டியை உடலை ஒட்டி மறைத்தாற்போல வைத்துக் கொண்டு, நாயைக் கயிற்றுடன் அழைத்துச் செல்லுங்கள். கயிற்றை ஒருவரும் கரண்டியை ஒருவரும் பிடித்தால் எளிது.

ஆண் நாய்: பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி நில்லுங்கள். காலைத் தூக்கியதும் முதலில் வரும் ஒன்றிரண்டு நொடிச் சிறுநீரை விட்டு விடுங்கள். வெளிப்பகுதியில் உள்ள அழுக்கும் கிருமியும் அதில் போய் விடும். அடுத்து வரும் நடுப்பகுதியைக் கரண்டியில் ஏந்துங்கள். குறியையோ முடியையோ கரண்டி தொடக் கூடாது. எல்லையைக் காட்டுவதற்காக, மரத்துக்கு மரம் சொட்டுச் சொட்டாக விடும் ஆண் நாயிடம், முதல் தடவை அதிகமாக வருவதைத் தவற விடக் கூடாது.

பெண் நாய்: உட்காரும் வரை நெருங்க வேண்டாம். உட்கார்ந்து, சிறுநீர் வரத் தொடங்கிய பிறகு, பின்பக்கமாகத் தட்டையோ கரண்டியையோ மெதுவாக நகர்த்துங்கள். முன்கூட்டியே நீட்டினால் எழுந்து விடும். சினைப்பருவத்தில் இருந்தால் அந்த இரத்தம் கலந்து விடும். அவசரம் இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப் போடலாம்.

குட்டி நாய்: தூங்கி எழுந்ததும், உணவுண்ட சில நிமிடங்களிலும் கழிக்கும். அப்போது புல்தரையில் விட்டுக் காத்திருந்தால் போதும்.

5 முதல் 10 மி.லி. கிடைத்தால் எல்லாப் பரிசோதனைக்கும் போதுமானது. அதற்குக் குறைவாகக் கிடைத்தாலும் வீசி விடாமல் கொண்டு போங்கள். உடனே டப்பாவில் ஊற்றி, உட்புறத்தையும் மூடியின் உட்பக்கத்தையும் விரலால் தொடாமல் இறுக மூடுங்கள். மண்ணில், சாணத்தரையில், சிமென்ட் தரையில் விட்டதை வழித்து எடுத்தால், மண்ணும் கிருமியும் கலந்து முடிவைக் கெடுத்து விடும்.

மூன்று முறை முயன்றும் முடியவில்லை என்றால், நாயோடு மல்லுக்கட்ட வேண்டாம். வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையும் கடிக்கும். அன்று விட்டு விட்டு மறுநாள் பாருங்கள், அல்லது மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லுங்கள். திடீரெனக் குணம் மாறி, எச்சில் ஒழுக, காரணம் இல்லாமல் கடிக்க வரும் நாயிடம் மாதிரி எடுக்க முயலவே கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். தனியாக அடைத்து விட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

கையுறை ஏன் கட்டாயம்?

எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரா நோய், எலியின் சிறுநீர் மூலம் பரவும். மக்காச்சோளம், புண்ணாக்கு, கோழித்தீவனம் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் நாயும் இருக்கும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரைக் குடித்தோ, மிதித்தோ நாய்க்கு இந்த நோய் தொற்றும். நோயில் இருந்து தேறிய நாயும்கூட, பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில், சிறுநீரில் கிருமியை வெளியேற்றிக் கொண்டிருக்கும். இது மாடுகளுக்குப் பரவினால் கருச்சிதைவும் பால் குறைவும் ஏற்படும். கையில் காலில் உள்ள வெட்டுக்காயம், கண், வாய் வழியாக மனிதருக்கும் வரும். மனிதருக்குச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதித்து உயிரையும் எடுக்கக் கூடியது.

ஆகவே, மாதிரி பிடிக்கும்போது கையுறையும் செருப்பும் அவசியம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இந்த வேலைக்கு விடக் கூடாது. சிந்திய இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சில நாள் கழித்து உங்களுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், நாய்ச் சிறுநீரைக் கையாண்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தும் உண்டு. ஆண்டுதோறும் போட வேண்டும்.

ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லுதல்

பிடித்த அரை மணி நேரத்துக்குள் பரிசோதித்தால் மிகவும் நல்லது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்திலேயே வசதி இருந்தால் அங்கேயே கொடுத்து விடலாம். நம் பகுதியில் விரிவான பரிசோதனைக்கு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனைக்குப் பலர் செல்கின்றனர். 1985 இல் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சங்ககிரியில் இருந்து திருச்செங்கோடு வழியாகப் பேருந்தில் போய்ச் சேர, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சித்திரை வெயிலில் அதற்குள் சிறுநீர் கெட்டு விடும். கிருமிகள் பெருகும், அணுக்கள் சிதையும், அமிலத் தன்மை மாறும்.

எனவே, டப்பாவைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, ஐஸ் கட்டி போட்ட வாயகன்ற பிளாஸ்க்கிலோ தெர்மாகோல் பெட்டியிலோ வைத்துக் கொண்டு செல்லுங்கள். டப்பாவுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு துணி இருக்கட்டும். உறைந்து விடக் கூடாது. கிளம்பத் தாமதமானால், வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உணவில் இருந்து தள்ளி வைக்கலாம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்து விடுவது நல்லது. குளிர வைத்த மாதிரியில் புதிதாகச் சில உப்புப் படிகங்கள் உருவாகும். அதனால், குளிரில் வைத்திருந்ததை ஆய்வகத்தில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கல் நோய் என்று தவறாகக் கருத இடமாகும்.

எழுதிக் கொடுக்க வேண்டிய விவரங்கள்

டப்பாவின் மூடியில் ஒட்டக் கூடாது. பக்கத்தில் ஒட்ட வேண்டும். நாயின் பெயர், வயது, எடை, ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதா, பிடித்த தேதி, நேரம், பிடித்த முறை ஆகியவற்றை எழுதுங்கள்.

கடந்த இரண்டு வாரத்தில் கொடுத்த எல்லா மருந்துகளையும் தனித்தாளில் எழுதுங்கள். ஸ்டீராய்டு மருந்தும் நீர் பிரியும் மருந்தும் சிறுநீரை நீர்த்துப் போகச் செய்யும். வைட்டமின் சி மாத்திரை, இருக்கும் சர்க்கரையையும் இரத்தத்தையும் மறைத்து விடும். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராது. ஆகவே, மாதிரி எடுத்த பிறகு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்துக் கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முடிந்தால் தண்ணீர்க் கணக்கும் எடுத்துச் செல்லுங்கள். மாட்டுத் தொட்டியில் குடிக்கும் நாய்க்குக் கணக்குத் தெரியாது. ஒரு நாள் முழுவதும் நிழலில் கட்டி, லிட்டர் அளவில் ஊற்றி வைத்து, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மி.லி. வரை குடிப்பது இயல்பு. 20 கிலோ நாய் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர். கோடையில் சற்றுக் கூடும். கிலோவுக்கு 100 மி.லி.யைத் தாண்டினால், அதாவது இந்த நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால், அது நோயின் அறிகுறி.

ஆய்வகத்தில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் நிறமும் தெளிவும். அடுத்து ஒப்படர்த்தி. சிறுநீரகம் நன்றாக உள்ள நாயின் காலைச் சிறுநீர், பெரும்பாலும் 1.030க்கு மேல் இருக்கும். திரும்பத் திரும்ப 1.008 முதல் 1.012க்குள்ளேயே இருந்தால், சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை குறைந்தால் பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்த பின்பும் குறையும்.

பிறகு பட்டைச் சோதனையில் புரதம், சர்க்கரை, கீட்டோன், இரத்தம், பித்தநீர், பி.எச். அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கடைசியாக, மாதிரியைச் சுழல வைத்து, அடியில் தங்கும் படிவை நுண்ணோக்கியில் பார்த்து, சீழணு, கிருமி, படிகம் உள்ளதா எனக் கண்டறிவார்கள்.

மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் பட்டையை வாங்கி வீட்டில் பார்ப்பவர்கள் உண்டு. அதில் வெள்ளையணு, நைட்ரைட், ஒப்படர்த்தி ஆகிய கட்டங்கள் நாய்க்குச் சரியாகக் காட்டாது.

எப்போது வீட்டு மாதிரி போதாது?

கரண்டியில் பிடித்த சிறுநீரில் வெளிக்கிருமி சிறிதளவாவது கலக்கும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று அறிய, மருத்துவர் வயிற்றின் வழியாக ஊசி மூலம் சிறுநீர்ப்பையில் இருந்து நேரடியாக எடுப்பார். பார்க்கப் பயமாக இருந்தாலும், பயிற்சி பெற்றவர் செய்தால் இது பாதுகாப்பான முறை. அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அன்று காலையில் நாயைச் சிறுநீர் கழிக்க விடாமல் அழைத்து வரச் சொல்வார்கள். எந்த முறை என்பதை முந்தைய நாளே கேட்டுக் கொள்ளுங்கள்.

செய்யவே கூடாதவை

மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஐபுபுரூபன், டைக்குளோபினாக் போன்றவை நாயின் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். கல் கரையும் என்று வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை என்று கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. நாய்க்கு வரும் கற்களில் பல வகை உண்டு. சில வகை, உணவாலும் மருந்தாலும் கரையும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால், அடைப்பு வரும் வரை தெரியாது.

மாட்டுக்கு மாதம் ஒருமுறை மடியைச் சோதிக்கும் நாம், நமக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் நாய்க்கு ஆண்டுக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம். அதற்குத் தேவை ஒரு டப்பா, ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுமை. நாளைக் காலையில் நாயை அவிழ்க்கும்போது, அது எவ்வளவு நேரம் சிறுநீர் கழிக்கிறது, என்ன நிறம் என்று ஒருமுறை நின்று பாருங்கள். இயல்பு எது என்று தெரிந்தவருக்குத்தான், நோய் வந்ததும் முதல் நாளே தெரியும்.